முதல் டிரையத்லான்: விதிகளையும் பெனால்டியையும் எப்படிப் பழகுவது?

கோவை_ஓட்டக்காரி:

வணக்கம் மக்களே. எனக்கு 36 வயது, ஊர் கோயம்புத்தூர். ஆறு வருஷமாக ஓடுகிறேன். ரேஸ் கோர்ஸ் சுற்றில் தொடங்கி இப்போது நாலு அரை மாரத்தான் முடித்தாயிற்று. போன வருஷம் முழங்கால் வலி வந்ததால் நீச்சலும் சைக்கிளும் சேர்த்துக்கொண்டேன், அது அப்படியே பிடித்துப்போய் இப்போது சென்னைப் பக்கம் ஒரு ஒலிம்பிக் தூர டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 1500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இன்னும் 9 வாரம் இருக்கிறது.

தூரத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, மெதுவாகவாவது முடித்துவிடுவேன். பயமெல்லாம் விதிகள்மேல்தான். ஓட்டப்பந்தயத்தில் விதி என்று ஒன்று இருப்பதையே நான் யோசித்ததில்லை, எண் அட்டையைக் குத்திக்கொண்டு நிற்க வேண்டியது, துப்பாக்கி வெடித்ததும் ஓட வேண்டியது, அவ்வளவுதான். இங்கே விதிப்புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஹெல்மெட்டை எப்போது கழற்றலாம், எந்தக் கோட்டைத் தாண்டி ஏறலாம், முன்னால் போகிறவரிடமிருந்து எத்தனை மீட்டர், எத்தனை விநாடி... இரண்டு முறை உட்கார்ந்து படித்தேன், மூன்றாம் நாள் எதுவும் மனதில் இல்லை. யூடியூபில் பார்த்தால் ஒருவர் வலது ஓரமாகப் போ என்கிறார், இன்னொருவர் இடது ஓரம் என்கிறார்.

ஒன்பது வாரம் உழைத்துவிட்டு ஒரு ஹெல்மெட் பக்கிளைக் கழற்றியதற்காக வெளியே அனுப்பப்பட்டால் தாங்க மாட்டேன். நீங்களெல்லாம் இதை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? எதில் முதலில் கவனம் வைக்க வேண்டும்?

ஈசிஆர்_ஞாயிறு:

வாங்க, முதலில் ஒரு விஷயம்: புதிதாக வருகிறவர்கள் மாட்டுவது பெரும்பாலும் டிரான்ஸிஷனில்தான். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற அந்த இடத்தில். காரணம் உங்களுக்குத் தெரியாததால் இல்லை, அந்த நேரத்தில் உடம்பு வேறு எங்கோ இருக்கும் என்பதால். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு போட்டியில் சைக்கிள் முடித்து, ஒழுங்காகக் கோட்டுக்கு முன்னாலேயே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் ரேக்கை, அதாவது சைக்கிளை மாட்டி வைக்கும் கம்பியை, நோக்கி ஓடினேன். ஓடும்போதே வலது கை தானாக மேலே போய் தாடைக்குக் கீழே பக்கிளைத் தட்டிவிட்டது. வருஷக்கணக்காக வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது செய்த அதே பழக்கம். விசில் சத்தம் கேட்டது, எனக்குத்தான் என்று தெரியவே இல்லை. இரண்டாவது விசிலுக்குத் திரும்பினால் அந்த அதிகாரி என் தலையைக் காட்டி "ஸ்ட்ராப், ஸ்ட்ராப்" என்கிறார். நின்று திரும்ப மாட்ட வேண்டும். வியர்வையில் விரல் வழுக்குகிறது, பக்கிளின் இரண்டு பல்லும் ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்கிறது, பக்கத்தில் நாலு பேர் என்னைத் தாண்டி ஓடிவிட்டார்கள். விதி எனக்கு வரிக்கு வரி தெரியும். சைக்கிளை ரேக்கிலிருந்து எடுப்பதற்கு முன்னால் பக்கிள் பூட்டியிருக்க வேண்டும், திரும்ப ரேக்கில் மாட்டிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது என் கைக்குத் தெரியவில்லை.

அதனால் என் பதில் இதுதான்: புத்தகத்தை மூன்றாம் முறை படிக்க வேண்டாம், கைக்குச் சொல்லிக்கொடுங்கள். வாரம் இரண்டு நாள் 20 நிமிஷம் போதும். மொட்டை மாடியோ, வண்டி வராத சந்தோ, ஒரு சாக்பீஸ் எடுத்துத் தரையில் ஒரு கோடு போடுங்கள். தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரக் கையோடு, கொஞ்சம் மூச்சு வாங்கும்படி ஓடி வந்து ஆரம்பியுங்கள். ஹெல்மெட் உள்பக்கம் மேலே பார்க்கும்படி ஹேண்டில்பார் மேல் இருக்கட்டும், ஸ்ட்ராப் இரண்டும் வெளியே தொங்கட்டும். தலை, பக்கிள், அப்புறம்தான் சைக்கிள். வேறு எந்த வரிசையும் கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டி, தாண்டின பிறகு ஒரு கால் முழுசாகத் தரையில் பட்ட பிறகு ஏறுங்கள். திரும்பி வரும்போது அதற்கு நேர் எதிர், கோட்டுக்கு முன்னாலேயே ஒரு காலாவது தரையைத் தொட்டிருக்க வேண்டும். பறந்து வந்து குதிப்பதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம், 50 மீட்டருக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து நிறுத்தி இறங்கினால் நாலைந்து விநாடிதான் போகும்.

இந்தக் கோட்டில் நாம் மட்டும்தான் தப்பு செய்கிறோம் என்று நினைக்காதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் ஜொனாதன் பிரவுன்லி கோட்டுக்கு முன்னாலேயே சைக்கிளில் ஏறிவிட்டார். 15 விநாடி பெனால்டி, ஓட்டத்தின்போது பெனால்டி பாக்ஸில் போய் நின்றார். நின்றுவிட்டு வந்தும் வெண்கலம் வாங்கினார். நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். பெனால்டி வந்தால் போட்டி முடிந்துவிடவில்லை. நின்று, எண்ணி முடித்து, திரும்ப ஓடலாம்.

வட்ட_வாட்:

நல்ல பதில். நான் டிராஃப்டிங், அதாவது முன்னால் போகும் சைக்கிளின் பின்னால் ஒட்டிப் போவது, பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் அதிகக் குழப்பம் தருவது, பெனால்டியும் அதற்குத்தான் பெரிசு.

டிவியில் ஒலிம்பிக் பார்த்திருப்பீர்கள், அவர்கள் கூட்டமாக ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போவார்கள். அங்கே அது அனுமதி. நம்மைப் போல வயதுப் பிரிவில் கலந்துகொள்கிறவர்களுக்குப் பெரும்பாலான போட்டிகளில் அனுமதி இல்லை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் இருப்பவர் உழைப்பு மிச்சமாகி வந்தால் அது தனிநபர் போட்டி ஆகாது, காரணம் அவ்வளவுதான். அதற்கு மேல், ஏரோ பாரில் (குனிந்து போக ஹேண்டில்பாரின் முன்னால் நீட்டியிருக்கும் பிடி) கை வைத்துக்கொண்டு பிரேக் எட்டாத நிலையில் ஒருவர் பின்சக்கரத்தோடு ஒட்டிப் போவது விழுவதற்கு வழி.

உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி ஒலிம்பிக் தூரத்துக்கும் அதற்குக் குறைவானதற்கும் இடைவெளி 10 மீட்டர். அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் 20 விநாடிக்குள் தாண்டி முடிக்க வேண்டும். அயர்ன்மேன் என்ற நெடுந்தூரப் போட்டியிலும் அதில் பாதித் தூரமான 70.3இலும் 12 மீட்டர், 25 விநாடி. இந்த மீட்டர் கணக்கு உங்கள் முன்சக்கரத்திலிருந்து அவருடைய முன்சக்கரம் வரை. ஒரு சைக்கிள் சுமார் 1.7 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டருக்கு நடுவில் ஐந்து சைக்கிள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம் தெரிய வேண்டும்.

ஓட்டிக்கொண்டே யாராலும் மீட்டர் அளக்க முடியாது, அதனால் நேரத்தால் அளங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்றால் விநாடிக்கு எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். முன்னால் போகிறவரின் முன்சக்கரம் ஒரு விளக்குக் கம்பத்தையோ சாலையில் ஒரு ஒட்டுப்போட்ட இடத்தையோ தாண்டும்போது எண்ண ஆரம்பியுங்கள். உங்கள் முன்சக்கரம் அதே இடத்துக்கு வர ஒன்றரை விநாடியாவது ஆனால் 12 மீட்டர் இருக்கிறது, 10 மீட்டர் போட்டிக்கு அது தாராளம். சிறுவாணி ரோட்டில் ஒரு நண்பரை முன்னால் விட்டு இதைப் பத்துத் தடவை செய்து பாருங்கள், அப்புறம் கண்ணே சொல்லிவிடும்.

இன்னொரு கணக்கு, இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 20 விநாடிக்குள் 10 மீட்டரைத் தாண்ட வேண்டுமென்றால் அவரைவிட மணிக்கு கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் அதிக வேகம் வேண்டும். அது இல்லாமல் உள்ளே போனீர்களானால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், தாண்டவும் முடியாது, மனசு பின்வாங்கவும் விடாது. போகலாமா என்று சந்தேகம் வந்தால் போகாதீர்கள். எழுந்து நின்று மிதித்துத் தாண்டிய பிறகு களைத்துப்போய் வேகம் குறைந்து அவரே உங்களைத் திரும்பத் தாண்டுவது, நீங்கள் மறுபடியும் அவர் பின்னால் போவது, இந்த விளையாட்டில்தான் டிராஃப்டிங்குக்கான நீலக் கார்டு வரும்.

பலருக்குத் தெரியாத பாதி விதி இது: உங்களை ஒருவர் தாண்டிவிட்டால், அவருடைய முன்சக்கரம் உங்கள் முன்சக்கரத்தைக் கடந்த அந்த நொடியிலிருந்து பொறுப்பு உங்களுடையது. அவர் உங்கள் முன்னால் வந்து புகுந்தது அவர் தப்பு இல்லை. மிதிப்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பின்வாங்கி இடைவெளி விட வேண்டியது நீங்கள்தான்.

அந்த இடது, வலது குழப்பத்துக்கு: நீங்கள் பார்த்தது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எடுத்த வீடியோவாக இருக்கும். நமக்கு இடது ஓரம் ஒட்டிப் போக வேண்டும், வலது பக்கமாகத் தாண்ட வேண்டும், தாண்டியதும் இடதுக்குத் திரும்பிவிட வேண்டும். சாலை காலியாக இருக்கிறதே என்று நடுவிலேயே போய்க்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவருக்கு வழியில்லை, அதற்கும் விசில் ஊதுவார்கள்.

கோவை_ஓட்டக்காரி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 2 கிலோமீட்டர் கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது, இனி மறக்காது.

இன்னும் மூன்று சந்தேகம். வீட்டில் எல்லாரும் சென்னைக்கு வருகிறார்கள். அம்மா ஓட்டம் நடக்கும் பாதையில் நின்று எலுமிச்சை ஜூஸ் கொடுப்பேன் என்கிறார், வீட்டுக்காரர் கடைசி 2 கிலோமீட்டர் கூட ஓடி வருகிறேன் என்கிறார். இது பரவாயில்லையா? அடுத்து, என் தோழியும் சேர்ந்துதான் வருகிறாள், இருவரும் கை கோத்துக் கோட்டைத் தாண்டலாம் என்று ஆசை. கடைசியாக, நான் இதுவரை குளத்தில் மட்டும்தான் நீந்தியிருக்கிறேன். கடலில் நடுவில் மூச்சு முட்டினால் படகைப் பிடித்தால் உடனே வெளியே அனுப்பிவிடுவார்களா?

விசில்_அக்கா:

தங்கச்சி, நான் சில வருஷமாகப் போட்டிகளில் தன்னார்வலராக அதிகாரிகளோடு நிற்கிறேன், அதனால் விசில் ஊதுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கடலைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தோடு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கயாக்கையோ மிதவையையோ பிடித்து நின்று மூச்சு வாங்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. பிடித்துக்கொண்டே முன்னால் நகரக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. மல்லாந்து மிதக்கலாம், தவளை நீச்சல் அடிக்கலாம், எந்த ஸ்டைலும் தடை இல்லை. நிஜமாகவே உதவி வேண்டுமென்றால் கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். இந்த ஒரு விதியைத் தெரிந்து வைத்திருக்கிறவர்கள் நிதானமாக நீந்துவதை நான் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். தெரியாதவர்கள் படகைப் பிடித்தால் போச்சு என்று நினைத்துக்கொண்டு சக்தியெல்லாம் தீரும்வரை கையைக் காலை அடிப்பார்கள், அதுதான் ஆபத்து. போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் சென்னையில் அனுபவமுள்ள குழுவோடு கடலில் ஒரு முறையாவது இறங்குங்கள், தனியாக வேண்டவே வேண்டாம். வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சலுடை) வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அயர்ன்மேன் விதியில் 24.5 டிகிரிக்கு மேல் வயதுப் பிரிவினர் பதக்கத்துக்காக அதைப் போட முடியாது, நம் கடல் அதைவிட வெதுவெதுப்பு. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

அம்மாவிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள், ஜூஸ் முடிவுக்கோட்டுக்கு அப்புறம். போட்டி ஏற்பாட்டாளர்கள் வைத்திருக்கும் தண்ணீர்ப் பந்தலில் மட்டும்தான் வாங்கலாம், வெளியாள் கொடுத்தால் அது வெளியுதவி. வீட்டுக்காரர் கூட ஓடி வருவதும் அப்படித்தான், பாதையோரம் நின்று கத்தி உற்சாகப்படுத்தட்டும். அதே நேரம் சக போட்டியாளர் ஒருவர் உங்களுக்கு டியூபோ பம்போ தண்ணீரோ கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் தான் போட்டியைத் தொடர முடியாதபடி தன் சைக்கிளையோ சக்கரத்தையோ ஹெல்மெட்டையோ கழற்றிக் கொடுக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு ஓடுவது இன்னொரு கதை. 2016இல் மெக்சிகோவில் கோசுமெலில் அலிஸ்டர் பிரவுன்லி தள்ளாடிய தன் தம்பி ஜொனாதனைத் தோள்கொடுத்து இழுத்து வந்து கோட்டுக்குள் தள்ளினாரே, உலகமே பார்த்தது. அன்றைக்கு அது விதிக்குள் இருந்தது, அதனால் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் அவர்களுக்கே நின்றது. அப்புறம் விதியை மாற்றிவிட்டார்கள், இப்போது இன்னொருவர் முன்னேற உடலால் உதவக் கூடாது.

கை கோப்பது பற்றி: 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்கு முந்தைய சோதனைப் போட்டியில் பிரிட்டனின் ஜெஸ் லியர்மன்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் இருவரும் முதலிடத்தில் கை கோத்துக் கோட்டைத் தாண்டினார்கள். வேண்டுமென்றே சமமாக முடிப்பது விதிக்கு எதிரானது, இருவரையும் நீக்கிவிட்டு ஃப்ளோரா டஃபிக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். உங்கள் போட்டியில் யாராவது இதற்குக் கார்டு எடுப்பார்களா என்பது வேறு, எனக்கு உங்கள் ஆசை புரிகிறது. முந்தின நாள் நடக்கும் பிரீஃபிங்கில், அதாவது விதிகளை விளக்கும் கூட்டத்தில், கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் ஒருவர் பின்னால் ஒருவர் தாண்டிவிட்டு அந்தப் பக்கம் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த பிரீஃபிங்குக்குக் கட்டாயம் போங்கள். மேலே தம்பி புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்கிறார், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடத்தை, சைக்கிள், டிரான்ஸிஷன் பகுதிகளை மட்டுமாவது வாரம் ஒன்றாகப் படியுங்கள். படித்ததை அந்த வாரமே மாடியில் செய்து பாருங்கள், அப்போது இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

கார்டு வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். நீலம் டிராஃப்டிங்குக்கு, மஞ்சள் மற்ற நேரப் பெனால்டிக்கு, சிவப்பு என்றால் தகுதிநீக்கம். அதிகாரி உங்கள் எண்ணைக் கூப்பிட்டுக் கார்டைக் காட்டுவார், நீங்கள் புரிந்தது என்று தலையசைக்க வேண்டும். ஒலிம்பிக் தூரத்தில் டிராஃப்டிங்குக்கு 2 நிமிஷம், 70.3இலும் முழு அயர்ன்மேனிலும் 5 நிமிஷம். அடுத்து வரும் பெனால்டி பாக்ஸில் நீங்களாகப் போய் நிற்க வேண்டும், யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள், நிற்காமல் போனால்தான் தகுதிநீக்கம். பாதையிலேயே நின்று வாதம் செய்யாதீர்கள். நான் பார்த்தவர்களில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னோடு கத்திக்கொண்டிருந்த நேரம் அவருக்குக் கிடைத்த பெனால்டியைவிட அதிகம். டிராஃப்டிங் போல அதிகாரி கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கிற விஷயத்தில் அயர்ன்மேன் விதியில் அப்பீலும் கிடையாது.

அப்புறம் சின்னது சின்னதாக: காதில் இயர்போன் கூடாது. ஃபோனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. போகும்போது சாப்பிடும் எனர்ஜி ஜெல் கவரைக் குப்பை போட ஒதுக்கிய இடத்தில் மட்டும் போட வேண்டும், இல்லையா, ஜெர்ஸி பாக்கெட்டில் திணித்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள், சைக்கிள் சோதனையில் திருப்பி அனுப்புகிறார்கள், ஐந்து ரூபாய்ச் சாமானுக்கு அந்த ராத்திரி கடை தேடி அலைய வேண்டியிருக்கும். முடியவில்லை என்றால் ஓட்டத்தில் நடக்கலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும். தவழக் கூடாது. 1982இல் ஹவாயில் ஜூலி மாஸ் தவழ்ந்து முடித்துத்தான் இந்த விளையாட்டே பலருக்குத் தெரியவந்தது, உலக டிரையத்லான் விதிப்படி இன்றைக்கு அதே செயலுக்குத் தகுதிநீக்கம்.

மிரமார்_2019:

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். நான் 2019இல் கோவாவில் மிரமார் கடற்கரையில் நடந்த முதல் 70.3இல் கலந்துகொண்டேன், விதியைவிட எனக்கு உதவியது முந்தின நாள் மாலை நடந்து பார்த்ததுதான். தண்ணீரிலிருந்து வெளியே வரும் இடத்தில் நின்று, அங்கிருந்து என் ரேக்குக்கு, ரேக்கிலிருந்து ஏறும் கோட்டுக்கு, இறங்கும் கோட்டிலிருந்து திரும்ப ரேக்குக்கு, அங்கிருந்து ஓட்டம் வெளியேறும் வாசலுக்கு, மூன்று முறை நடந்தேன். எத்தனையாவது வரிசை, பக்கத்தில் என்ன மரம், என்ன பேனர் என்று மனதில் வைத்துக்கொண்டேன். காலையில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஒரே மாதிரி தொங்கும்போது தன் ரேக்கைத் தேடி அலைகிறவர்கள்தான் அடுத்தவர் சாமானை மிதிப்பது, தப்பான இடத்தில் சைக்கிளை மாட்டுவது எல்லாம். உங்கள் துண்டு பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். சாமானெல்லாம் உங்கள் இடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், கழற்றின தொப்பியும் கண்ணாடியும்கூட.

கோவை_ஓட்டக்காரி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மாடியில் சாக்பீஸ் கோடு போட்டாயிற்று, மழையில் அழிந்து இரண்டாம் முறையும் போட்டாயிற்று. முதல் நாள் 12 தடவை செய்ததில் 5 தடவை சைக்கிளை மாட்டுவதற்கு முன்பே கை பக்கிளுக்குப் போய்விட்டது, ஈசிஆர் அண்ணா சொன்ன அதே இடம். நேற்று 15க்கு ஒன்று. என் பையன் விசில் வாங்கி வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான், கொஞ்சமும் இரக்கம் காட்டுவதில்லை. அம்மா ஜூஸுக்கு ஒத்துக்கொண்டார், கோட்டுக்கு அப்புறம்தான். ஹேண்டில்பாரின் இடது முனையில் அடைப்பான் இல்லை என்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன், நாளைக்குக் கடைக்குப் போகிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு சென்னை வருகிறேன். கடலில் நீந்தும் குழு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஈசிஆர்_ஞாயிறு:

வாங்க. நாங்கள் ஏழெட்டுப் பேர் காலை 6 மணிக்கு நீலாங்கரையில் இறங்குவோம், அலை அதிகமாக இருந்தால் இறங்க மாட்டோம், அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். மிதவை ஒன்று எடுத்து வைக்கிறேன். அதைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவதைத்தான் அன்றைக்கு முதலில் பழகப்போகிறோம்.